பச்சைக்கல் கை

சையத் இப்ராஹிமின் வலது கை மணிக்கட்டு வரை பச்சைக்கல்லாக மாறியது, ஏற்காட்டில் பலாப்பழம் மலிந்து கிடந்த ஆனி மாதத்தில். ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கில் கடை போட்டு மிளகும் காப்பித்தூளும் விற்பவர் அவர். அன்று இடது கையால் தராசைப் பிடித்தார், கடையை மூடவில்லை.

காரணம் ஊருக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். பக்கத்து மலைக் கிராமமான வாழவந்தியில் அங்கப்பன் காப்பிக் கன்று வைக்கக் குழி தோண்டியபோது புலி முகம் செதுக்கிய பச்சைக்கல் கத்தி ஒன்று கிடைத்தது. மண்ணில் அகப்படும் பழைய கல்லாயுதத்தை மரத்தடிப் பிள்ளையார் பக்கத்தில் வைத்துவிடுவது மலைக்காரர் வழக்கம். வைக்கும் முன் அது என்ன கல் என்று விசாரிக்க, வெகுநாளாக மிளகு போடும் கடை என்ற நம்பிக்கையில் இப்ராஹிமிடம் கொடுத்துப் போனார். கடைக்கு வந்த கல் ஆராய்ச்சிக்காரர் ஒருவர், இது ஜேடு, பழைய சீன அரசர்களின் கல்லறையில் மரியாதைக்கு வைப்பது, யாரையும் வெட்ட அல்ல என்றார். அது வாழவந்திக்கு எப்படி வந்தது என்று கேட்டதற்கு டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

இப்ராஹிமுக்கு அதை விற்கும் எண்ணமில்லை. பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றியது, அவ்வளவுதான். ஆசை இப்படித்தான் யோக்கியன் வேஷம் போடும். சேலத்தில் மாக்கல்லில் அதேபோல் ஒன்று செய்வித்து, பச்சைச் சாயம் ஏற்றி, "சும்மா வெறுங்கல்லுங்க" என்று நீட்டினார். அங்கப்பன் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த வாரமே இப்ராஹிமுக்கு விரல் நுனிகள் சில்லிட்டன.

கை முழுக்கக் கல்லானதும் அவர் மனைவி ரபியா, அசல் கத்தியை அவர் ஒளித்துவைத்த பெட்டியைத் திறந்து பார்த்தார். சுற்றிவைத்த துணி மட்டும் இருந்தது.

"புலி மூஞ்சி உங்க பொறங்கையிலதாங்க இருக்குது. யாரு பொருளோ அவங்ககிட்டக் கொண்டுபோய்ச் சேருங்க."

கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினார். மரத்தடியில் அங்கப்பன் இருந்தார்.

"அங்கப்பண்ணே, உங்களை ஏமாத்திப்புட்டேனுங்க."

"தெரியுமுங்க பாய். மொத மழையிலயே சாயம் போயிருச்சு. நீங்களா வருவீங்கன்னு ஊட்ல சொல்லிட்டிருந்தேன்."

இரண்டு அறை வாங்கியிருந்தால் தேவலாம் என்றிருந்தது இப்ராஹிமுக்கு. துண்டை அவிழ்த்துக் கையைக் காட்டினார்.

கை மறுபடி சதையாகவில்லை. வாராவாரம் வாழவந்திக்குப் போய் அதைக் கற்களுக்கு நடுவே வைக்கிறார். அங்கப்பன் ஒவ்வொரு கல்லையும் கழுவி, மஞ்சள் குங்குமம் வைக்கிறார். வெளிறிப்போன மாக்கல்லுக்கும் உண்டு. இந்தக் கைக்கு மட்டும் தண்ணீர் விட்டுத் துடைப்பதோடு சரி.

"பொட்டு உங்களுக்கு ஆகாதுங்களே பாய்."

இவ்வளவு பார்த்துச் செய்கிறவரையா ஏமாற்றினோம் என்று இப்ராஹிம் ஒவ்வொரு முறையும் தலை குனிகிறார். பிறகு இருவரும் டீ குடிக்கிறார்கள். டம்ளரை அவர் இடது கையில் வாங்கிக்கொள்கிறார்.