ஆறு பத்துக்கு விழிக்கும் வண்டி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு பாட்டரியின் வரைபடத்தில் கிடைத்தது. முப்பத்தைந்து நாள் வரைபடம். நேராகப் போகிற கோடு தினமும் ஒரு தடவை மட்டும் சரிந்து விழுகிறது. நான் ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்து மாநிலத்துக் கூண்டிவிண்டி என்ற சிற்றூரில், பத்தொன்பது வருடமாக வண்டிகளுக்கு மின்வேலை பார்ப்பவன், ஓய்ந்த நேரத்தில் தமிழில் கதை எழுதுபவன். இரண்டு வேலையிலும் ஆட்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இன்னும் முடியலையா?"

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"நெவ் ஹார்ட்டிகனின் வீட்டு வாசலில் அந்த யூட் செத்துக் கிடந்தது, அதன் மேல்—"

அடித்துவிட்டேன். செத்துக் கிடந்தது என்று எழுதினால் நீங்கள் ஒரு பிணத்தை எதிர்பார்ப்பீர்கள். இந்தக் கதையில் பிணம் கிடையாது. இருப்பது ஒரு யூட்தான். பின்னால் திறந்த தொட்டி வைத்த பிக்கப், மூன்று வயது, வெள்ளை, ஏகப்பட்ட கம்ப்யூட்டர். (நெவ்வின் மனைவி ஐலீன் இறந்துபோனார். ஆனால் அது இரண்டு வருடத்துக்கு முன்பு, கதைக்கு வெளியே. வெளியே என்றுதான் நினைத்திருந்தேன்.)

இரண்டாவது தொடக்கம் ஃபோனில் நெவ் சொன்னது. அவருடைய ஆங்கிலத்தைத் தமிழாக்கி அதையே வைத்துக்கொள்கிறேன்.

"டில், இந்த வாரமும் மண்டையப் போட்டுடுச்சுடா."

டில் என்பது நான். தில்லைநாதன் என்ற பெயரை இந்த ஊர் முதல் வாரத்திலேயே வெட்டிச் சுருக்கிவிட்டது.

2

நெவ்வுக்கு எழுபத்து நாலு வயது. ஊருக்கு வெளியே இருபது கிலோமீட்டரில் பண்ணை. மாடுகளை விற்றாகிவிட்டது. இடுப்பு மூட்டு அறுவைக்குப் பிறகு வண்டி எடுப்பது வாரத்தில் ஒரு நாள்தான், வெள்ளிக்கிழமை. கடைக்கு ஒரு நடை, பிறகு கிளப்பில் ஒரு தட்டு இறைச்சி பரிசாக விழும் சீட்டுக் குலுக்கல். அந்த ஒரு நாளுக்கு வண்டி கிளம்பாது. புது பாட்டரி போட்டோம். அடுத்த வெள்ளியும் கிளம்பவில்லை.

நிறுத்தி வைத்த வண்டியில் ஏதோ ஒன்று கள்ளத்தனமாக மின்சாரத்தைக் குடிக்கிறது என்று அர்த்தம். அதைப் பிடிப்பதற்குப் பொறுமை வேண்டும். பூட்டியவுடன் இந்தக் காலத்து வண்டி அணையாது. உள்ளே இருக்கும் முப்பது சொச்சம் கம்ப்யூட்டர்களும் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகும். எல்லாம் அடங்க நாற்பது நிமிடம். அதற்குப் பிறகுதான் மீட்டர் உண்மை பேசும்.

பட்டறைக்கு இழுத்து வந்தோம். கதவைத் திறந்தபடி வைத்து, பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி, கதவு மூடியிருக்கிறது என்று வண்டியை ஏமாற்றினேன். கம்பியைச் சுற்றி மீட்டரை மாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

"என்னடா பண்றே? ஒண்ணுமே பண்ணலையே," என்றார் நெவ்.

"தூங்கட்டும்னு இருக்கேன்."

"ஐலீன் பிள்ளையத் தூங்க வெக்கறதுக்குக்கூட இவ்வளவு நேரம் ஆனதில்ல."

"ஃப்யூஸைப் பிடுங்கினா முழிச்சுக்கும். கதவை ஆட்டினா முழிச்சுக்கும். சாவி பக்கத்துல வந்தாலே முழிச்சுக்கும். ஆமா, சாவி எங்க?"

நெவ் கால்சட்டைப் பையைத் தட்டினார். வண்டியிலிருந்து இரண்டடியில், முக்கால் மணி நேரமாக, சாவியோடு நின்றுகொண்டிருக்கிறார்.

"அட கிழவா!" என்றேன். (நிஜத்தில் நான் சொன்னது இதைவிடக் காரம்.)

"பேக்கரிக்குப் போயிட்டு வரட்டுமா?"

"சாவியோட போங்க. மெதுவா வாங்க."

அவர் போய் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி ஒன்றைத் தின்றுவிட்டு, தாடையில் சாஸோடு திரும்பியபோது மீட்டரில் இருபத்தெட்டு மில்லி ஆம்பியர். குறை சொல்ல முடியாத எண். ஒரு மாதம் நிறுத்தி வைத்தாலும் கிளம்ப வேண்டும். வண்டி என் பட்டறையில் மட்டும் ஒழுங்காக இருந்தது.

இந்த இடத்தில் நான் கதையையும் சந்தேகப்பட்டேன், நெவ்வையும் சந்தேகப்பட்டேன். தனியாக இருக்கும் மனிதர். பேச ஆள் வேண்டி உள்விளக்கை எரியவிட்டுத் தூங்கப் போகிறாரோ? அப்படி ஒரு கதை எழுதலாம். அரைப் பக்கம் எழுதவும் செய்தேன். நெவ்வைப் பரிதாபத்துக்குரியவராக ஆக்கும் கதை அது. அவர் படித்தால் என்னை உதைப்பார்.

3

பாட்டரியின் மேல் சின்னக் கருவி ஒன்றை ஒட்டி அனுப்பினேன். இரவும் பகலும் மின்னழுத்தத்தைக் குறித்துக்கொண்டே இருக்கும். நடுவில் பாட்டரி காலியாகிவிடாமல் நெவ் அவ்வப்போது அதைச் சார்ஜரில் போட்டுக்கொண்டார். செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒட்டியது. அக்டோபர் கடைசியில் அவர் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து என் ஃபோனில் திறந்து பார்த்தேன். நான் முதலில் சொன்ன வரைபடம் இதுதான்.

"தினம் சாயங்காலம் ஆறு பத்துக்கு ஏதோ எழுப்புது நெவ். அப்புறம் மூணு மணி நேரம் தூங்க மாட்டேங்குது. அஞ்சு நாள்ல பாட்டரி காலி."

"கங்காரு வந்து இடிக்குதோ?"

"கங்காரு கரெக்டா ஆறு பத்துக்கு வருமா?"

"என் மச்சினனவிட ஒழுங்கு அதுங்க."

வரைபடத்தைத் தள்ளிக்கொண்டே போனேன். அக்டோபரில் சரிவு ஒரு மணி நேரம் முன்னால் வந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் ஐந்து பத்து.

"அக்டோபர் அஞ்சாம் தேதிலேர்ந்து மாறியிருக்கு. அன்னிக்கு வண்டியில கடிகாரம் ஏதாவது மாத்தினீங்களா?"

"நான் ஏண்டா மாத்தறேன்? நாம என்ன தெக்கத்திக்காரனா?"

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். தேநீர்க் கோப்பை கையில்.

அக்டோபர் முதல் ஞாயிறு. தெற்கு மாநிலங்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாள். குவீன்ஸ்லாந்து தள்ளாது, தள்ளலாமா என்று கேட்டாலே கிளப்பில் சண்டை வரும். இங்கே ஐந்து பத்து என்றால் அங்கே ஆறு பத்து. எழுப்புகிறவர் தன் நேரத்தை மாற்றவில்லை. அவர் இருக்கும் ஊர்தான் மாற்றியிருக்கிறது.

"டீகன் ஹோபார்ட்டுல இருக்கா," என்றார் நெவ்.

டீகன் அவர் மகள். ஹோபார்ட், தெற்கே கடல் தாண்டித் தாஸ்மேனியாத் தீவில் இருக்கும் நகரம். யூட் வாங்கிய அன்று வண்டியைத் தன் ஃபோனோடு இணைத்தது அவள்தான், நெவ்விடம் இருப்பது பொத்தான் ஃபோன் என்பதால். அதன் பிறகு அதை நெவ் மறந்தே போய்விட்டார். அவள் தன் ஃபோனில் வண்டி எங்கே நிற்கிறது என்று பார்க்கும் ஒவ்வொரு முறையும், இங்கே வண்டி விழித்து, இடத்தைச் சொல்லிவிட்டு, திரும்பத் தூங்க வேண்டும். இந்த வண்டி தூங்காமல் கிடக்கிறது. கோளாறு அவ்வளவுதான். தினம் ஓட்டிய காலத்தில் பாட்டரி நிரம்பிவிட்டதால் வெளியே தெரியவில்லை.

"ஆஸ்பத்திரில ஆறு மணிக்கு டியூட்டி முடியும் அவளுக்கு," என்றார். "கார்ல ஏறி உக்காந்ததும் பாக்கறா போல."

"பேசறதில்லையா நீங்க ரெண்டு பேரும்?"

"ஐலீனப் பொதைச்ச மறுநாள், எங்கூட வந்துருன்னா. உன் வீட்டு சோபாவுல கெடந்து சாக நான் வரலேன்னேன். அவ கத்தினா, நான் கத்தினேன். இனிமே எனக்கு ஃபோன் பண்ணாதேன்னுட்டேன்." கோப்பையைக் கீழே வைத்தார். "சொன்ன பேச்சக் கேட்டதே இல்லடா அவ, பொறந்ததுலேர்ந்து. இந்த ஒண்ணக் கேட்டுட்டா."

வேலைக்காரன் என்ற முறையில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வண்டித் திரையில் ஒரு பொத்தான் இருக்கிறது. இணைத்த ஃபோனை நீக்கிவிடும். ஒரு தடவை அழுத்தினால் பாட்டரிப் பிரச்சினை தீர்ந்தது.

"அழுத்தினா அவளுக்குத் தெரியுமா?"

"அவ ஃபோன்லேர்ந்து வண்டி போயிடும்."

"ம்," என்றார் நெவ்.

4

டீகனை எழுதப் பார்த்தேன். தோற்றதையெல்லாம் இங்கேயே விட்டுவைக்கிறேன்.

"டீகன் காரில் ஏறி, கண்ணாடியில் படிந்த பனியைக் கையால் துடைத்து—" (அக்டோபரில் ஹோபார்ட்டில் பனி படியுமா? நான் போனதில்லை.)

"வண்டி வீட்டில்தான் நிற்கிறது என்று தெரிந்ததும் அவளிடமிருந்து ஒரு பெரு—" பெருமூச்செல்லாம் வேண்டாம்.

"அம்மாவின் கண்கள் அவளுக்கு." ஐலீனின் கண்களே எனக்கு ஞாபகமில்லை.

எனக்கு அவளைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் பார்க்கிறாள். முப்பத்தைந்து நாளில் ஒரு நாள்கூட, விடுமுறை நாளில்கூட, விடவில்லை, ஒரு நாள்கூட இரண்டு தடவை பார்க்கவில்லை. பாதம் வலிக்க வேலை முடித்து வந்து, ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டு, ஃபோனை மூடிவிட்டு, அடுத்த நாள் வரை திறக்காமல் இருக்கிறாள். அந்த இரண்டாவது தடவையை அவள் எப்படி அடக்கினாள் என்பதைத்தான் நான் எழுத வேண்டும். எவ்வளவு முயன்றும் ஒரு வரி வரவில்லை.

(இங்கே என் அண்ணனைப் பற்றியும், வாட்ஸாப்பில் அவர் கடைசியாக வந்துபோன நேரத்தைக் காட்டும் அந்தச் சிறிய வரியைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். இது நெவ்வின் கதை.)

5

முடிவுகளுக்கு வருவோம்.

முடிவு ஒன்று: நெவ் பொத்தானை அழுத்துகிறார். வண்டி எல்லா வெள்ளிக்கிழமையும் கிளம்புகிறது. தொழில்ரீதியாக இதுவே சரியான முடிவு, எனக்கு இதைப் படிக்கவே பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு: நெவ் அன்றே மகளைக் கூப்பிட்டு, "கண்ணு, என்னை மன்னிச்—"

மாட்டின் கால் தன் கால்மேல் பட்டாலும், தன் கால் மாட்டின்மேல் பட்டாலும், மாட்டைத்தான் திட்டுவார் அவர். இந்த வசனம் அவர் வாயில் ஒட்டாது.

நடந்தது வேறு. நவம்பர் கடைசியில் பட்டறைக்கு வந்தார், தானே ஓட்டிக்கொண்டு, செவ்வாய்க்கிழமையில்.

"பாட்டரி நிக்குதுடா இப்போ."

அழுத்திவிட்டார் என்று நினைத்தேன். திரையைப் பார்த்தால் டீகன் பெயர் அப்படியே இருக்கிறது.

"எப்படி?"

"தினம் ஓட்டறேன்."

"டாக்டர் ஓட்டலாம்னாரா?"

"டாக்டர் கெடக்கான். அஞ்சு பத்துக்கு ஒரு எடத்துல நிக்கணும், அவ்வளவுதான்."

"எந்த எடத்துல?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். ஐலீனின் பிறந்தநாளன்று கல்லறையில் நிறுத்தினாராம். அதற்கடுத்த நாள் டீகன் படித்த பள்ளிக்கூட மைதானத்தில். முந்தாநாள் பாலத்துக்கு அந்தப் பக்கம், அவளுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த மண் சாலையில், பழைய யூட்டை அவள் வாய்க்காலுக்குள் இறக்கிய அதே இடத்தில்.

"அங்க போய் என்ன பண்ணுவீங்க?"

"நிப்பேன். அவ பாத்திருப்பான்னு தோணினதும் வீட்டுக்கு வருவேன். ஏண்டா, அந்தக் கருவி இன்னும் குறிக்குதா?"

திறந்து பார்த்தேன். கல்லறை நாளன்று ஒரு சரிவு. மைதானத்துக்கு ஒன்று. வாய்க்கால் நாளன்று ஐந்து பத்துக்கு ஒன்று, பிறகு இரவு பத்தே முக்காலுக்கு இன்னொன்று. ஹோபார்ட்டில் அப்போது பதினொன்றே முக்கால்.

"ரெண்டாவது தடவையும் பாத்திருக்கா நெவ்."

"எங்க, காமி." கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு அந்தச் சின்னச் சரிவை விரலால் தொட்டார். "தூங்கலடா அவ," என்றார். மூக்கை உறிஞ்சினார். நான் எதையோ தேடுவதுபோல மேஜைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

6

டிசம்பரில், நீண்ட பயணத்துக்கு வண்டியைச் சரிபார்த்துத் தரச் சொன்னார். தெற்குக் கரையில் இருக்கும் கீலாங் துறைமுகம் வரை சாலை. அங்கிருந்து வண்டியோடு தாஸ்மேனியாக் கப்பல்.

"அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எதுக்கு? அவதான் பாத்துட்டே இருக்காளே. மொத நாள் டப்போவுல நிப்பேன். மறுநாள் ஷெப்பர்ட்டன். தெக்கால வரேன்னு அவளே புரிஞ்சுக்குவா."

அவர் முகத்தில் அப்படி ஒரு குறும்பு. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சாவியைத் தூரமாக வைக்கச் சொல்லிவிட்டு, வண்டி தூங்கிவிட்டதா என்று மீட்டரைப் பார்த்துக்கொண்டே, என் தொழில் புத்தியில் சொல்லிவிட்டேன்.

"மூணாம் நாள் காட்டாது நெவ். அவ பாக்கற நேரம் வண்டி கப்பலோட அடியில இருக்கும். இரும்புக்குள்ள சிக்னல் போகாது."

"அப்போ என்ன காட்டும்?"

"கடைசியா நின்ன எடம். கடல் ஓரம். அதுக்கப்புறம் ஒண்ணும் காட்டாது."

குறும்பு போய்விட்டது.

"பயந்துடுவாளே," என்றார்.

நான் மீட்டரிலிருந்து கண்ணை எடுத்தேன்.

"விடியற வரைக்கும் பயந்துட்டுக் கெடப்பாளேடா."

"அப்போ கூப்பிட்டுச் சொல்லிடுங்க."

பொத்தான் ஃபோனை எடுத்தார். கையில் வைத்துப் புரட்டினார். "நம்பர் மாத்தியிருப்பாளோ?" என்று கேட்டார், என்னிடம் பதில் இருப்பதுபோல. பிறகு பட்டறைக் கதவுக்கு வெளியே போய், சாலையைப் பார்த்து, எனக்கு முதுகு காட்டி நின்றார். சுவர்க் கடிகாரத்தில் ஐந்து ஏழு. அவள் வார்டிலிருந்து இறங்கிக்கொண்டிருப்பாள்.

ஐந்து பத்துக்கு என் கையில் இருந்த மீட்டர் இருபத்தெட்டிலிருந்து நாலாயிரத்துக்கு எகிறியது.

"நெவ்! பாக்கறா!" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. ஃபோன் காதில் இருந்ததா, கையிலேயே இருந்ததா, நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. போய்ப் பார்த்திருக்கலாம், பத்தடிதான். போகவில்லை. அதற்காக எழுத்தாளர்கள் என்னைத் திட்டலாம்.

ஆனால் ஒன்று காதில் விழுந்தது. அவர் சொன்னது ஆங்கிலத்தில் இரண்டே சொல். அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். அவர் கேட்டது என்னை என்றால் அதன் வாலில் ஒரு 'டா' வர வேண்டும். ஃபோனில் அவளை என்றால் ஒரு 'மா'. அவர் மொழியில் இரண்டும் கிடையாது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிட்டு அழித்துவிட்டேன். அந்த ஓர் எழுத்தை நீங்கள்தான் போட வேண்டும்.

"இருக்கியா—