உறையக் கூடாத மருந்து

யார் வீட்டு ஃப்ரிட்ஜானாலும் காதை வைத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடுகிற மெக்கானிக், தன் வீட்டு ஃப்ரிட்ஜை மட்டும் திரும்பிப் பார்த்ததில்லை. அதில் பின்பக்கம் வைத்ததெல்லாம் கல்லாகிவிடும்.

"பால் கட்டியாயிடுதுங்க, கொஞ்சம் பாருங்களேன்" என்று மனைவி எத்தனையோ முறை சொல்லிவிட்டாள்.

"கடிச்சுத் தின்னு" என்பான்.

பிறகு அவளால் எதையும் கடிக்க முடியாமல் போனது. முதலில் வாய்க்குள் கொப்புளம். அப்புறம் முதுகு, மார்பு, உள்ளங்கை. தொட்ட இடம் உரிந்தது. உடம்பு தன் தோலையே எதிரியென்று தாக்குகிற நோய் என்றார் டாக்டர். மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அமுக்கும். புண்ணில் கிருமி ஏறிவிட்டதால் இனி மாத்திரையைக் கூட்ட வழியில்லை. மிஞ்சியது இம்யூனோகுளோபுலின். ஆயிரக்கணக்கானோர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்த மருந்து. நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும்.

வெளியூரிலிருந்து அது வந்து சேர்ந்தது ஒரு மாலையில். ஆஸ்பத்திரியில் கட்டில் மறுநாள்தான் காலியாகும்.

"இங்க ஃப்ரிட்ஜ்ல இடமில்ல, வீட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க. உறைஞ்சா குப்பைக்குத்தான்" என்றாள் நர்ஸ். "மறுபடி வரவழைக்க நாளாகும். அவங்க அதுவரைக்கும் தாங்க மாட்டாங்க."

"என்கிட்டயே ஃப்ரிட்ஜ் பாடமா சிஸ்டர்?" என்று சிரித்தான்.

முன்பக்கமாகத்தான் வைத்தான். கூட இருந்த அவனுடைய அக்காவின் கண்ணில் பட்டது.

"என்னடா இது?"

"அவளுக்கு மருந்து. ஆயிரம் பேர் ரத்தத்துல எடுத்தது."

"எவன் எவன் ரத்தமோ! சோத்துப் பாத்திரத்துக்குப் பக்கத்துலயா வைப்ப? இத ஏத்திக்கிட்டு வந்தா அப்புறம் உன் பொண்டாட்டின்னு யாரச் சொல்றது, ஆயிரம் பேரையுமா?" மருந்துப் பெட்டிகளைப் பின்சுவர் வரை தள்ளினாள்.

மனைவி எழுந்து வந்து வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

"உக்காரு மகாராணி. நீ நடந்தா தோலு கொட்டுது. யாரு பெருக்கறது?"

மெக்கானிக் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விடுக்கா. ஃப்ரிட்ஜுக்குள்ளதானே இருக்கு."

மனைவி தானே கதவைத் திறக்கப் பார்த்தாள். உள்ளங்கைத் தோல் கைப்பிடியோடு போனது. கதவு திறக்கவில்லை.

காலையில் பெட்டியைப் பிரித்தவனுக்கு ஒரு பார்வையிலேயே தெரிந்துவிட்டது. அப்படியே ஐஸ் பெட்டியில் எடுத்து வைத்துக்கொண்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான்.

நர்ஸ் ஒரு புட்டியைச் சாய்த்தாள். உள்ளே எதுவும் அசையவில்லை.

"யாரு வேலை இது?"

"இவதான் சிஸ்டர்" என்றான். "பாலை எடுக்கறேன்னு பின்னால தள்ளிட்டா. நான் சொன்னா எங்க கேக்கறா?"

காய்ந்த ரத்தத்தில் அவள் உதடுகள் ஒட்டிக் கிடந்தன. பிய்த்துத் திறந்தாள். "நா..." அதற்குமேல் ரத்தம்தான் வந்தது.

"பேசாதீங்கம்மா, இன்னும் கிழியும்" என்று பஞ்சை வைத்து அழுத்தினாள் நர்ஸ். "படிச்சுப் படிச்சு சொன்னேனே. உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்களே."

மனைவி அவனையே பார்த்தாள். அவன் வார்டு ஏசியைப் பார்த்தான். தண்ணீர் ஒழுகியது. குழாயில் அடைப்பு இருக்கும்.

கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. அடுத்த மருந்து வருவதற்கு முன்பே அவள் போய்ச் சேர்ந்தாள். ஒரு வார்த்தை பேசாமல்தான் போனாள்.

காரியமெல்லாம் முடிந்து, அவளுடைய துணிப்பையை வாங்கிப் போக ஆஸ்பத்திரிக்கு வந்தான். அதே கட்டிலில் வேறொரு அம்மா. பக்கத்தில் அவள் மகள். நர்ஸ் அந்தப் பெண்ணுக்கு எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இதே கட்டில்ல ஒரு அம்மா இருந்தாங்க. தன் மருந்தைத் தானே கெடுத்துக்கிட்டாங்க. இதோ, அவங்க வீட்டுக்காரர். தங்கமான மனுஷன். அப்பவும் ஒரு வார்த்தை திட்டலையே. இல்லீங்களா?"

"ஆமா" என்றான் மெக்கானிக், பைக்குக் கையை நீட்டியபடி.