மீசை வைத்த மணப்பெண்

ஆரின் ஸ்காருக்கு அன்றைக்குக் கல்யாணம். மணப்பெண் அவர்தான். நரைத்த மீசை, லாரி ஓட்டியே சம்பாதித்த தொந்தி, கழுத்தில் வெள்ளிப் பூட்டு வைத்த கயிற்று டை. கண்ணாடியில் தன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இந்த லட்சணத்துக்கு ஒரு மாப்பிள்ளை அமைந்ததே பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டார்.

உண்மையான மணப்பெண் அவருடைய மகள் பிரிட்டா. கடற்படையில், பஹ்ரைனில் இருந்தாள். மாப்பிள்ளை எம்மெட் ஜப்பானில் ஒரு கப்பலில். இருவருக்கும் லீவு கிடையாது. ஆனால் இந்த வாரத்துக்குள் கல்யாணப் பத்திரம் போய்ச் சேர்ந்தால்தான் அடுத்த மாற்றலில் இரண்டு பேரையும் ஒரே ஊரில் போடுவார்கள். இல்லையென்றால் இன்னும் மூன்று வருஷம் ஆளுக்கொரு கடல். பட்டாளத்துக்காரர்களுக்கு இதற்கு ஒரு வழி உண்டு. பெண்ணும் வர வேண்டாம், மாப்பிள்ளையும் வர வேண்டாம், இருவருக்கும் பதிலாக யாராவது வந்து நின்று வார்த்தை சொன்னால் அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் கல்யாணம் செல்லும். கலிஸ்பெல் ஊரில் இதற்கென்றே காசு வாங்கிக்கொண்டு நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். சாப்பாட்டு இடைவேளையில் வந்து ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு திரும்ப வேலைக்குப் போய்விடுவார்கள்.

போன வாரம் பிரிட்டா போன் செய்தாள்.

"அப்பா, எனக்குப் பதிலா நீ நில்லேன்."

"நானா? பொண்ணாவா?"

"ஆம்பளை பொம்பளைன்னு கணக்கெல்லாம் இல்லையாம். எம்மெட்டுக்குப் பதிலா அம்மா நிக்கிறா."

"உங்கம்மாவை ஒரு தடவை கட்டி நான் பட்டது போதாதா?"

"பட்டது அவதான். இந்தத் தடவை நீ பொண்ணு, அவ மாப்பிள்ளை. மாத்திப் போட்டாவது சரியா வருதான்னு பாப்போம்." சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "வருவேல்ல?" என்றாள்.

"வருவேன்டி."

ஆரினின் வாயில் 'வருவேன்' என்ற சொல் கொட்டாவி மாதிரி, தானாக வரும். பிரிட்டாவின் ஆடு மாவட்டக் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியபோது வருவேன் என்றார். மலைக் கணவாயில், பனியில் வழுக்காமலிருக்க லாரிச் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். பள்ளிப் பட்டமளிப்புக்கு வருவேன் என்றார். நெப்ராஸ்காவில் சோளம் இறக்கிக்கொண்டிருந்தார். கடற்படைப் பயிற்சி முடிந்த அணிவகுப்புக்கு உண்மையாகவே போனார், மறுநாள். வாசல் காவலரோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினார். அதையும் இத்தனை வருஷமாக நண்பர்களிடம் ஜோக்காகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். தன்னைத் தானே கிண்டல் செய்துகொண்டால் மற்றவர்கள் திட்ட மாட்டார்கள் என்பது அவர் கண்டுபிடித்த சௌகரியம்.

அப்படிப்பட்டவரை மகள் கூப்பிட்டிருக்கிறாள் என்றால் மன்னித்துவிட்டாள் என்றுதானே அர்த்தம்? அந்த நினைப்பிலேயே மிதந்துகொண்டு, அலுவலகக் கதவு திறப்பதற்கு முன்பே நீதிமன்ற வாசலில் போய் நின்றார். மணப்பெண் வெறுங்கையோடு போகக் கூடாதென்று சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பூங்கொத்து வேறு வாங்கியிருந்தார்.

கதவு திறந்ததும் மாடிக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து கம்பளி நூலை எடுத்துப் பின்ன ஆரம்பித்தாள். பெயர் கார்லீன் என்றாள்.

"பூவெல்லாம் பலமா இருக்கே. கல்யாணமா?"

"ஆமா. உங்களுக்கு?"

"நமக்கு இதான் தொழில். வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை கட்டிக்குவேன்." ஊசியை நிறுத்தாமலே சொன்னாள். "ஆனா இன்னிக்கு நான் வெறும் ஸ்டெப்னி. கடற்படையில ஒரு பொண்ணு. அதுக்குப் பதிலா அவங்கப்பா நிக்கணும். அவர் எங்க வரப்போறாருன்னு வக்கீல்கிட்ட சொல்லி என்னையும் ஏற்பாடு பண்ணி வச்சிருக்கு."

"வர மாட்டார்னா சொல்லுச்சு?"

"திட்டலைங்க, பாவம். 'அவரைத் தப்பா நினைக்காதீங்க, எங்கயாவது பனியில மாட்டிக்கிட்டிருப்பார்'னு சொல்லுச்சாம். ஜூன் மாசத்துல பனி! இப்படி ஒரு பொண்ணு, அதுக்கு இப்படி ஒரு அப்பன்."

"சரியான தறுதலையா இருப்பான் போல," என்றார் ஆரின்.

ஸ்டெப்னி இல்லாமல் வண்டியை எடுக்கிறவன் முட்டாள் என்று மகளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாள். வலித்தது. அதைவிட, அவள் கணித்தது சரி என்பதுதான் அதிகமாக வலித்தது. பேசாமல் இந்த அம்மாவே நிற்கட்டும், அனுபவசாலி, தடுமாறாமல் சொல்லுவாள் என்று தோன்றியது. பூங்கொத்தை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து மாடிப்படியை நோக்கி நடந்தார்.

பாதிப் படியில் லோர்னா, பிரிட்டாவின் அம்மா, அவருடைய விவாகரத்தான மனைவி, எதிரே வந்தாள். மாப்பிள்ளை என்பதால் கறுப்புக் கோட்டு போட்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தாள்.

"வந்துட்டியா? என் வாட்ச்தான் நின்னுபோச்சோ?"

"உனக்குத் தெரியுமா? அந்த ஸ்வெட்டர் அம்மா விஷயம்?"

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா அதையே சாக்கா வச்சு வராம இருந்திருப்ப." அவருடைய காலைப் பார்த்தாள். அது கீழ்ப்படியில் இருந்தது. "இப்ப எங்க கிளம்பிட்ட?"

"காப்பி குடிக்க."

"காப்பி மேலயே இருக்கு."

இவளோடு பதினோரு வருஷம் குடும்பம் நடத்தி, ஒரு பொய்யையாவது இவள் நம்பும்படி சொல்லக் கற்றுக்கொள்ளாத தன் மூளையை நொந்துகொண்டு ஆரின் திரும்ப மேலே ஏறினார்.

நீதிபதி ஒரு ஒல்லியான இளம்பெண். இருவரையும் எதிரெதிரே நிற்க வைத்தாள். கார்லீன் பின்வரிசையில் பின்னிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

"பொண்ணோட பேரைச் சொல்லி, நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்க," என்றாள் நீதிபதி.

ஆரின் தொண்டையைச் செருமிக்கொண்டார். எதிரே லோர்னா. முப்பது வருஷத்துக்கு முன்னால் இதே கட்டிடத்தில் இதே முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவர்தானே? வாய் பழைய தடத்திலேயே ஓடியது.

"ஆரின் ஸ்கார் ஆகிய நான்..."

"ஐயா, நிறுத்துங்க! அப்படிச் சொன்னா உங்க ரெண்டு பேருக்கும்தான் கல்யாணம் ஆயிடும்."

"ஐயோ, அழிங்க அதை! முதல்ல அதை அழிங்க!" என்று கத்தினாள் லோர்னா.

எழுத்தர் சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைக்கடியில் குனிந்துகொண்டார். பின்னால் கம்பளி நூலைப் பையில் திணிக்கும் சத்தம் கேட்டது. ஆரின் திரும்பிப் பார்த்தார். கார்லீன் இருக்கையிலிருந்து பாதி எழுந்திருந்தாள்.

"உக்காருங்கம்மா," என்றார். "அந்தத் தறுதலை நான்தான். நானே சொல்லிடறேன்."

கார்லீன் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பிரிட்டா ஸ்கார் ஆகிய நான்," என்று ஆரம்பித்தார். நல்ல நாளிலும் கெட்ட நாளிலும், இருக்கும்போதும் இல்லாதபோதும், கூடவே இருப்பேன், விட்டுப் போக மாட்டேன். ஒவ்வொரு வார்த்தையும் மரம் ஏற்றிய வண்டி மேட்டில் ஏறுகிற மாதிரி முனகிக்கொண்டு வந்தது. தனக்காகச் சொன்னபோது இதெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்த சமாச்சாரம். மகள் பெயரில் சொல்லும்போது எதையும் லேசாகச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அவள் சொன்னால் செய்வாள். 'விட்டுப் போக மாட்டேன்' என்ற இடத்தில் அவர் குரல் உடைந்துவிட்டது. மீசை நனைய, முகத்தைத் துடைக்காமல், மிச்சத்தையும் சொல்லி முடித்தார். லோர்னா எம்மெட்டின் பெயரில் தன் பங்கைச் சொன்னாள். அவளும் இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை.

வெளியே வந்ததும் லோர்னா போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"முடிஞ்சுதாம்மா?" என்றாள் பிரிட்டா. "அந்தம்மா ஒழுங்கா சொன்னாங்களா?"

"அந்தம்மா சும்மா உக்காந்து ஸ்வெட்டர் பின்னினாங்க. சொன்னது உங்கப்பா."

"அப்பாவா? எத்தனை மணிக்கு வந்தார்?"

"கதவு திறக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னாராம்."

லோர்னா ஸ்பீக்கரை அணைத்து, போனை ஆரினின் கையில் திணித்துவிட்டுத் தள்ளிப் போனாள். மாப்பிள்ளை மூஞ்சியில் சிரிப்பே இல்லை என்று ஆரின் ஒரு ஜோக் தயார் செய்து வைத்திருந்தார். அது வரவில்லை.

"அப்பா, நீ வர மாட்டேன்னு நினைச்சுதான் அவங்களை..."

"தெரியும்டி."

"கோவமா?"

"உன் இடத்துல நானா இருந்தா ரெண்டு பேரை வச்சிருப்பேன்."

பிரிட்டா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. சின்ன வயதிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வருகிற அழுகை. மகள் போனில் அழுதால், மலைப் பக்கம் வந்துவிட்டேன், சிக்னல் போய்விட்டது என்று சொல்லி வைத்துவிடுவதுதான் ஆரினின் வழக்கம். இப்போதும் கட்டை விரல் பழக்கதோஷத்தில் சிவப்புப் பொத்தான்மேல் போய் நின்றது. அதை எடுத்துவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, நீதிமன்றப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ரொம்ப நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "லைன்ல இருக்கியா?" என்றாள்.

"இருக்கேன்டி," என்றார். "நீ அழு."