அமைதியான வீடுகள்

கல்முனையில் இருந்த அந்தச் சிறுவர் நல அலுவலகத்தில் வெளிக்கள உத்தியோகத்தர்கள் நிலைப்பதில்லை. வருவார்கள், ஒரு வருடம் வெயிலுக்குள் மோட்டார் சைக்கிளில் திரிவார்கள், வேறு வேலை கிடைத்ததும் போய்விடுவார்கள். அவர்கள் பார்த்துவந்த பிள்ளைகள் மிஞ்சியவர்களின் தலையில் விழுவார்கள்.

புள்ளிவிபரவியல் படித்துவிட்டு அங்கே வேலைக்கு வந்திருந்த அம்ஹாவைப் பொறுப்பாளர் றவூப் ஒருநாள் கூப்பிட்டார்.

"இரிக்கிற ஆக்கள வெச்சி வேலையச் சரியாப் பிரிச்சித் தாங்க மகள். இல்லாட்டி இன்னும் ரெண்டு பேரு விட்டுட்டுப் போயிருவாங்க."

அம்ஹா பழைய பதிவுகளையெல்லாம் கணினியில் ஏற்றினாள். எந்த வீட்டைப் பற்றி முறைப்பாடு வருகிறது, எந்தப் பிள்ளை பாடசாலைக்குப் போகாமல் நிற்கிறது, போய்வர எவ்வளவு தூரம் என்று பார்த்து, வீடுகளை ஆபத்துக் கூடியவை, குறைந்தவை என்று பிரித்தாள். ஆபத்துக் குறைந்த வீடுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனால் போதும் என்று வந்தது. மாவடிப்பள்ளிப் பக்கத்து வீடுகள் அநேகமாக அந்த வகைதான். அவற்றை நெடுநாளாகப் பார்த்துவந்த சுஜித்தாவை, வேலை குவிந்து கிடந்த திருக்கோவிலுக்கு மாற்றலாம். மாவடிப்பள்ளியைப் புதிதாக வந்த றிம்சான் மற்ற இடங்களோடு சேர்த்துப் பார்த்துக்கொள்வான்.

அப்படியே மாற்றினார்கள். றிம்சான் மாலை மஃரிப் தொழுகைக்கு முன்னர் தன் வீட்டுக்குப் போகத் தொடங்கினான். தலைமை அலுவலகத்திலிருந்து பாராட்டும் வந்தது. அம்ஹாவுக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, புதிய திட்டம் எப்படிப் போகிறது என்று காட்ட ஒரு வரைபடம் செய்துகொண்டிருந்தபோதுதான் அவள் அதைக் கண்டாள். ஆபத்துக் குறைந்த வீடுகள் எல்லா உத்தியோகத்தரிடமும் பரவலாக இருக்கவில்லை. பெரும்பகுதி சுஜித்தாவிடம் இருந்தவை. நல்ல ஊராக்கும் என்று முதலில் நினைத்தாள். ஆனாலும் மனம் கேட்கவில்லை. சுஜித்தா வருவதற்கு முந்திய பதிவுகளைத் திறந்தாள். அதே வீடுகள்தான். அடி, பட்டினி, பாடசாலையை விட்டு நின்ற பிள்ளைகள். சுஜித்தா வாராவாரம் போகத் தொடங்கிய பிறகு முறைப்பாடுகள் குறைந்து, பிறகு இல்லாமலே போயிருந்தன.

அந்த வீடுகள் அமைதியாக இருந்ததே ஒருத்தி போய்வந்ததால்தான். அந்த அமைதியைக் காரணம் காட்டி, போய்வந்தவளை அவளுடைய கணக்கு நிறுத்திவிட்டது.

உடனே சுஜித்தாவுக்கு அழைத்தாள்.

"சுஜித்தாக்கா, மாவடிப்பள்ளி வீடுகள்ள உங்களுக்குப் பயமா இரிந்த வீடு எது?"

"ஏன் புள்ள? அப்ராவுக்கு ஏதும் நடந்திட்டா?"

"இல்லக்கா. அப்ரா யாரு?"

"வாப்பா தவறிட்டார். உம்மா குவைத்தில. மாமி ஹாஜறாவோட இருக்கிற புள்ள, பன்ரெண்டு வயசு. மாமி கெட்டவ இல்ல. ஆனா ஆரும் போய்க் கேக்காட்டி அந்தப் புள்ளைய வேலைக்கு அனுப்பிருவா. முந்தி ஒருக்கா அனுப்பினவ. றிம்சான் போறவர்தானே?"

அம்ஹா பக்கத்து மேசையில் இருந்த றிம்சானைப் பார்த்தாள். அந்த வீட்டுக்கு அடுத்த மாதம்தான் போக வேண்டும் என்று அவளுடைய அட்டவணையே அவனுக்குச் சொல்லியிருந்தது.

இருவரும் ஓட்டோ பிடித்துப் போனார்கள். காரைதீவு தாண்டி வயல்வெளிக்குள் இறங்கியதும் காற்று முகத்தில் அடித்தது. அம்ஹாவுக்கு வேர்த்துக்கொண்டே இருந்தது. ஒன்றும் நடந்திருக்காது என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லச் சொல்லப் பயம்தான் கூடியது.

ஹாஜறா முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவர்களைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அப்ரா எங்க மாமி?" றிம்சான் கேட்டான்.

"ஸ்கூலுக்கு."

"இண்டைக்கு ஸ்கூல் லீவு."

ஹாஜறா தலை குனிந்தாள். கையிலிருந்த நெல்லைக் கொட்டினாள். "அறுகம்பேக் கடக்கரையில எங்கட சொந்தக்காரர் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வெச்சிரிக்கார். டூரிஸ்ட் சீசன் முடியுமட்டும் அங்க வேலைக்கு நிக்கட்டும் எண்டு அனுப்பின."

"போய் எவ்வளவு காலம்?"

"நோன்புப் பெருநாள் முடிஞ்ச கையோட போனவ, ஒரு மாசத்துக்கு மேல இரிக்கும்." அவள் குரல் திடீரென்று உயர்ந்தது. "நான் என்ன செய்ற? முந்தி சுஜித்தா மிஸ் வருவா. வந்தாக் கேப்பா, கொப்பியப் பாப்பா, என்னையும் ரெண்டு வார்த்த கேப்பா. அவ வாறா எண்டாலே எனக்கு ஒரு பயம், ஒரு தெம்பு. இப்ப ஒருத்தரும் வரல்ல. எங்கள விட்டுட்டாங்க எண்டுதான் நெனச்ச."

அம்ஹா றவூப்புக்கு அழைத்து நடந்ததைச் சொன்னாள். அலுவலக வாகனம் வந்தது. வழியில் திருக்கோவில் சந்தியில் சுஜித்தாவும் ஏறிக்கொண்டாள். ஏறியதும் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "ஃபோன்ல புள்ளையோட கதைச்சீங்களா?" இல்லை என்று றிம்சான் தலையாட்டினான். பொத்துவில் பொலிஸில் ஒரு பெண் உத்தியோகத்தரைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அப்ரா கெஸ்ட் ஹவுஸின் பின்புறம் குழாயடியில் படுக்கை விரிப்புகளைக் கசக்கிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். விரல்கள் சவர்க்காரத்தில் வெளிறித் தோல் உரிந்திருந்தன. பொலிஸ் உடுப்பைக் கண்டதும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

சுஜித்தா ஈரத் தரையில் அப்படியே குந்தினாள். "அப்ரா, நான்தான்."

அந்தப் பிள்ளை அழவில்லை. "நீங்க வேற ஊருக்குப் போயிட்டீங்களாம். மாமி சொன்னா" என்றது. பிறகு மெல்லக் கேட்டது: "திரும்ப அங்க போயிருவீங்களா?"

சுஜித்தா அம்ஹாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருக்கவில்லை. அம்ஹாவுக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

பெண் பொலிஸ் அப்ராவைத் தனியே இருத்தி நிதானமாக விசாரித்தாள். வேலைப்பளுவும் தூக்கமின்மையும் தவிர வேறு கொடுமை நடக்கவில்லை என்று அவள் வந்து சொன்னபோது அம்ஹா வாகனத்தின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அல்ஹம்துலில்லாஹ் என்று இறைவனைப் புகழ்ந்தாள்.

மறுநாள் றவூப்பின் அறையில் அவள் வரைபடத்தை மேசையில் விரித்தாள்.

"சேர், முறைப்பாடு இல்லாத வீட்ட ஆபத்தில்லாத வீடு எண்டு எடுத்திட்டன். போய்ப் பாத்ததால முறைப்பாடு இல்லாமப் போன வீடுகளும் அதுக்குள்ள இரிக்கி. அந்த வீடுகள விட்டது என்ட பிழ."

றவூப் கண்ணாடியைக் கழற்றினார். "தலைமை அலுவலகத்துக்கு இது நல்ல திட்டமெண்டு நான்தானே எழுதின. இப்ப என்னெண்டு எழுதுற?"

"உள்ளத எழுதுங்க சேர்."

"சுஜித்தாவத் திருப்பி எடுத்தா திருக்கோவில் புள்ளைகள யாரு பாக்குற?"

அம்ஹா வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தன் மேசைக்குத் திரும்பினாள். அன்று முழுக்க அவள் விதம் விதமாகப் பிரித்துப் பார்த்தாள். எப்படிப் பிரித்தாலும் எங்கோ சில வீடுகள் வெளியே நின்றன. ஆட்கள் போதாது. இன்னும் இரண்டு உத்தியோகத்தர் வேண்டும், அதற்குக் குறைந்தால் எப்படிப் பிரித்தாலும் யாரோ சில பிள்ளைகள் தனித்துவிடுவார்கள் என்று அவள் எழுதினாள். றவூப் ஒரு சொல்லையும் மாற்றாமல் கையொப்பம் வைத்து அனுப்பினார்.

பதில் வரும்வரை சுஜித்தா வாரத்துக்கு ஒருநாள் மாவடிப்பள்ளிக்கு வருவது என்று ஏற்பாடானது. அப்ரா மாமி வீட்டுக்கே திரும்பினாள், பாடசாலைக்கும் போனாள். குவைத்திலிருந்து உம்மா அழைத்து ஹாஜறாவோடு வெகுநேரம் சண்டை பிடித்தாளாம். இப்போது ஒவ்வொரு வெள்ளியும் அழைக்கிறாள்.

தலைமை அலுவலகத்தின் பதில் இன்னும் வரவில்லை. அம்ஹா பிற்பகல்களில் மேசையை விட்டெழுந்து றிம்சானோடு போகிறாள். மற்ற அமைதியான வீடுகளை ஒவ்வொன்றாகத் தட்டுகிறார்கள். சில வீடுகளில் பிள்ளைகள் ஓடிவந்து கதவைத் திறக்கிறார்கள். நேற்றுப் போன ஒரு வீட்டில் உள்ளே றேடியோ கேட்டது, கதவு மட்டும் திறக்கவில்லை. றிம்சான் இன்னொரு தடவை தட்டினான். அம்ஹா பக்கத்து வீட்டை நோக்கி நடந்தாள், அங்கே யாரிடமாவது கேட்கலாம் என்று.