இரண்டாவது முடிவு

தனகோடிக்கு வலது கண் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இடது கண்ணிலும் இரத்தம் கசியத் தொடங்கியதும் வேலூரில் டாக்டர் ஒரு வழி சொன்னார். படுத்துத் தூங்கக்கூடாது, தலையணைகளை அடுக்கி வைத்துச் சாய்ந்தபடிதான் தூங்க வேண்டும். அப்படித் தூங்கினால் இரத்தம் கண்ணின் அடியில் போய்த் தங்கும், காலையில் இரண்டு மணி நேரமாவது பார்வை தெளியும். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அதற்குப் பிறகு பார்வை இருக்குமா என்று மனைவி ஹேமலதா கேட்டதற்கு, "முயற்சி பண்றோம்மா" என்பதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் நிறம் பார்த்தவன் தனகோடி. சாயம் அடித்து வரும் தோலை வாடிக்கையாளர் அனுப்பிய மாதிரித் துண்டோடு சேர்த்து வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "செவப்பு கம்மி" என்றோ "மஞ்சள் ஜாஸ்தி" என்றோ சொல்லுவான். அவன் சொன்னால் முதலாளியும் மறுபேச்சுப் பேசமாட்டார். சர்க்கரை நோயை மட்டும் அவன் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. மாத்திரை சாப்பிட்டீங்களா என்று ஹேமலதா கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். இப்போது அதை அவள் சொல்லிக்காட்டுவதும் இல்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

வெள்ளிக்கிழமை அவன், "ஆபரேஷனுக்கு முன்னாடி அந்தப் படத்தை ஒருவாட்டி பாத்துடறேன்" என்றான்.

எந்தப் படம் என்று அவள் கேட்கவில்லை. ஐ.டி.ஐ. படிக்கும்போது அவனும் ஆம்பூர் தன்சீல் அகமதுவும் வேலூர்த் தியேட்டர் ஒன்றில் பார்த்த இங்கிலீஷ் படம் அது. 'விண்வெளியில் ஒருத்தி' என்று பெயர் வைத்துத் தமிழில் டப் செய்திருந்தார்கள். பூமியிலிருந்து வெகுதூரத்தில், விண்கலங்களுக்கு எரிபொருள் கொடுக்கும் நிலையம் ஒன்றில் ஒரு பெண் தனியாகக் காவல் இருக்கிறாள். ஒருநாள் பூமியிலிருந்து பேச்சு நின்றுபோகிறது. அவ்வளவுதான் கதை. இந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று ஹேமலதாவுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் புரிந்ததில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் அவள் உட்கார்ந்து பார்த்ததும் இல்லை.

அந்தப் படத்துக்கு மூன்று முடிவுகள் இருந்தன. தியேட்டரில் வந்ததில், கடைசியில் அவள் ஜன்னலுக்கு வெளியே ஒரு வெளிச்சம் தெரியும். அவளை அழைத்துப்போகக் கலம் வருகிறது. அது தயாரிப்பாளர் வற்புறுத்திச் சேர்த்தது என்று டைரக்டர் பல வருடம் கழித்துச் சொல்லி, வெளிச்சத்தை வெட்டிவிட்டுத் திரும்ப வெளியிட்டான். அதில் யாரும் வரமாட்டார்கள். கிழவனான பிறகு மூன்றாவதாக ஒன்று செய்தான். அதில் வெளிச்சம் வரும், ஆனால் அவளுடைய விளக்கே கண்ணாடியில் பிரதிபலிக்கிறது என்று பிறகு தெரியும். மூன்றையும் தன்சீல் தேடிப்பிடித்து ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டுக் கொடுத்திருந்தான். எது சரியான முடிவு என்று இரண்டு பேரும் வருடக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் தன்சீல் ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டான். டீயைக் கையில் வாங்கியதுமே ஆரம்பித்தான்.

"இதுல யோசிக்க இன்னாடா இருக்குது? மொத படத்தைப் போடு."

"அது பொய்டா. யாரோ சொல்லி ஒட்டவெச்ச வெளிச்சம்."

"ஒட்டவெச்சா இன்னா? அந்தப் பொண்ணு ரெண்டு மணி நேரம் பேஜாராவறா. ஒருத்தன் வந்து கூட்டிட்டுப் போனா உனக்கு இன்னா நஷ்டம்?"

"எனக்கு ஒண்ணும் இல்ல." தனகோடி டம்ளரைத் தடவிக் கீழே வைத்தான். சாயங்காலம் ஆகிவிட்டால் அவனுக்கு எல்லாமே கலங்கல்தான். "கடைசியா ஒண்ணு பாக்கப் போறேன் தோஸ்த். அது மெய்யா இருக்கட்டும். ரெண்டாவதுதான்."

"மூணாவது?"

"அது ரெண்டுங்கெட்டான்."

தன்சீல் டீயைக் குடித்து முடித்து எழுந்தான். கிளம்பும்போது வாசல்வரை வந்த ஹேமலதாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "தங்கச்சி, நீ மொத படத்தையே போட்டுடு. கடைசி நாலு நிமிஷம் வரைக்கும் மூணும் ஒண்ணுதான். அதுவரைக்கும் அவனுக்குத் தெரியாது. வெளிச்சத்தைப் பாத்துட்டே ஆஸ்பத்திரிக்குப் போவட்டும்." சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. அவள் தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் தனகோடி எழுந்து முகம் கழுவிவிட்டு டிவிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். காலண்டர் தேதியைத் தானே படித்துக் காட்டினான். "நல்லாத் தெரியுது" என்றான். குழந்தைபோல இருந்தது அவன் முகம். ஹேமலதா ஹார்ட் டிஸ்கைச் செருகினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர் வைத்திருந்தது. ரிமோட்டில் அவள் விரல் இரண்டின் மேல் ஒரு கணம் நின்றது. பிறகு, முதுகுக்குத் தலையணையைச் சரிசெய்ய அவன் திரும்பிய நேரத்தில் ஒன்றை அழுத்தினாள்.

"ரெண்டாவதுதானே?"

"ஆமாங்க."

இந்த முறை அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அந்தப் பெண் நிலையத்துக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டு வருகிறாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள், பதில் வராத ரேடியோவில் நேரம் தவறாமல் பேசுகிறாள். தனகோடி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அந்தச் சுவத்துப் பச்சையப் பாரு" என்றான். "அந்த ஷேடை நான் ரெண்டு வருஷம் தேடினேன். கெடைக்கல."

ஒரு மணி நேரம் போயிருக்கும். அவன் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தான்.

"இன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. நூல் மாதிரி ஓடுது." சிறிது நேரம் அசையாமல் இருந்தான். "கறுப்பா எறங்குது, ஹேமா."

அவள் எழுந்து படத்தை நிறுத்தப் போனாள். "நிறுத்தாத" என்றான். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். தலையை உயர்த்தியே வைத்திருங்கள், நாளைக் காலையில் அழைத்து வாருங்கள் என்றார்கள். அவள் திரும்பி வந்தபோது அவன் முகம் திரைக்கு நேராகத்தான் இருந்தது. பார்வை மட்டும் வேறெங்கோ இருந்தது.

"நீ சொல்லு. நான் கேக்கறேன்."

சொன்னாள். முதலில் திக்கித் திக்கி, போகப்போகக் கோர்வையாக. கடைசி நாலு நிமிடத்தில் பேச்சே கிடையாது, இசையும் கிடையாது. காற்று இயந்திரம் இரையும் சத்தம் மட்டும். "ஜன்னல்கிட்ட வந்து உக்காந்துட்டா" என்றாள் ஹேமலதா. "வெளிய இருட்டு. கையை மடியில வெச்சிருக்கா."

திரையின் கீழ்மூலையில் ஒரு புள்ளி தோன்றியது. மெல்லப் பெரிதாகியது. அந்தப் பெண்ணின் கன்னத்தில் வெளிச்சம் விழுந்தது. தன்னை யாரோ அழைத்துப்போக வந்ததுபோல இருந்தது ஹேமலதாவுக்கு.

"வெளிச்சம் வருதுங்க" என்றாள்.

அவன் தலையைத் திருப்பினான். "ரெண்டாவதுல வெளிச்சம் கெடையாது."

அவள் கையிலிருந்த ரிமோட்டைக் கீழே வைத்தாள்.

"எந்தப் பக்கம் வருது?"

"கீழ. வலது மூலையில."

"அப்ப மெய்யாவே வருது. மொத படத்துல அங்கதான் வரும்." அவன் மூச்சு விட்டான். "மாத்திப் போட்டியா?"

"தன்சீல் அண்ணன்தான் சொன்னாரு. நீங்க சந்தோஷமா..."

"நான் கேட்டது இது இல்லியே, ஹேமா." கோபம் இல்லை அந்தக் குரலில். கோபமாகப் பேசியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். "பாதிக்கு மேல எனக்குத் தெரியாமப் போவும்னு நீயும் நெனைக்கல, நானும் நெனைக்கல. சரி. ஆனா இனிமே நீ எதைப் போடறியோ அதுதான் எனக்குப் படம். நீ மாத்திப் போட்டா, எனக்கு வேற யாரைக் கேக்கறதுன்னு தெரியாது."

அவள் அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் தட்டுத்தடுமாறி அவள் தலையைத் தேடி அதன்மேல் கை வைத்தான். பிறகு, "ரெண்டாவதைப் போடு. கடைசி மட்டும்" என்றான்.

போட்டாள். அதே ஜன்னல், அதே பெண், அதே இரைச்சல். சத்தத்தை மட்டும் கேட்டால் இரண்டுக்கும் துளி வித்தியாசம் இல்லை.

"உக்காந்துட்டா. வெளிய இருட்டு."

"ம்."

"ஒண்ணும் வரல."

"ம்."

"கண்ணாடியில கை வெச்சிருக்கா. மூச்சுக்காத்து படிஞ்சு மங்கலாவுது. தொடைக்கறா." கொஞ்சம் பொறுத்து, "ஒண்ணும் வரலங்க. இன்னும் பாத்துட்டுத்தான் இருக்கா" என்றாள். பெயர்கள் ஓடத் தொடங்கும்வரை அப்படியே சொன்னாள். ஒன்றைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"இதான்" என்றான் அவன்.

மறுநாளே சேர்த்துக்கொண்டார்கள். சொன்னபடி செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் நடந்தது. மூன்று மணி நேரம் கழித்து டாக்டர் ஹேமலதாவைத் தனியாகக் கூப்பிட்டார். உள்ளே விழித்திரை முழுக்கப் பிய்ந்து சுருண்டுவிட்டது, இனிமேல் ஒட்டவைக்க வழியில்லை என்றார். "இப்பவே அவர்கிட்ட சொல்ல வேணாம்மா. ரெண்டு வாரம் போவட்டும். கொஞ்சம் கொஞ்சமா சொல்லிக்கலாம்" என்றார். நல்ல மனிதர். மேஜை மேலிருந்த தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

வார்டில் தனகோடி கண்ணில் கட்டோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்துக் கட்டில்காரர் ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். அவள் வந்த காலடிச் சத்தத்திலேயே முகத்தைத் திருப்பினான்.

"டாக்டர் இன்னா சொன்னாரு?"

ஹேமலதா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சேலையின் நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள். இரண்டு வாரம் என்பது அப்படியொன்றும் பெரிய பொய் இல்லை.

"போய்டுச்சுங்க" என்றாள். "திரும்ப வராதாம்."

ரேடியோவில் வானிலை அறிக்கை வந்தது. அவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான். பிறகு, "ஒத்தையாவா இருக்க, தன்சீல் வந்திருக்கானா?" என்று கேட்டான்.

"வெளிய நிக்கறாரு. உள்ள வர பயப்படறாரு."

"வரச் சொல்லு" என்றான் தனகோடி.

அவள் எழுந்து போனாள். வராந்தாவில் தன்சீல் சுவரைப் பார்த்து நின்றபடி தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தான். அவனிடம் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.