நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துச் சலூன்காரர்

சமையல் கத்தியால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் நுன்சியா. பசை காயாத மரண அறிவிப்பு கீற்றுக் கீற்றாகக் கிழிந்து வந்தது. 'எஜிதியோ ஸ்கால்ச்சி, வயது 81' போய்விட்டது. அதற்குக் கீழே இருந்த 'என்கிற ஷட்டர்' மட்டும் வர மறுத்தது.

"அப்பா பேருக்குக் கீழ இதை அச்சடிக்க எப்படிண்ணா கை வந்துச்சு?"

அச்சகக்காரன் கொசிமோ பசை வாளியைக் கீழே வைத்தான். "பட்டப்பேர் இல்லாம நம்ம தாரந்தோ ஊர்ல எவன் போஸ்டர் ஒட்டுறான்? எஜிதியோன்னா தெருவுக்கு நாலு பேரு. ஷட்டர்னாதான் உங்கப்பான்னு தெரியும்."

"அது நாவல்ல வந்த பேரு!"

இந்த ஊரில் நிஜமாக நடந்த கொலைகளை வைத்து எழுதிய, ரவுடிகளைப் பற்றிய தடிமனான நாவல். அதில் சலூன்காரருக்கு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஐந்தே வரிகள். துரத்தப்பட்ட அஞ்சலோ ஓடி வருகிறான். சலூன்காரர் ஷட்டரை இறக்கிவிடுகிறார். அஞ்சலோ வாசலிலேயே சுடப்பட்டுச் சாகிறான். ஆள் யாரென்று ஊருக்குத் தெரியாதா? அதன்பிறகு தெருக்காரர்கள் யாரும் அவரிடம் முகம் கொடுத்து உட்காரவில்லை. "கதைதானே, விடும்மா" என்பதோடு அவரும் நிறுத்திக்கொண்டார்.

சர்ச்சில் பூசை முடிந்தது. சவப்பெட்டியைத் தூக்கச் சித்தப்பா மகன்கள் இரண்டு பேர், கொசிமோ. நாலாவது தோள் இல்லை. வாசலில் தெருவே நின்றது, வேடிக்கை பார்க்க. பெட்டி வெளியே வரும்போது கைதட்டி அனுப்புவதுதான் ஊர் வழக்கம். இன்று கைகளெல்லாம் பைக்குள் இருந்தன.

கூட்டம் விலகியது. அஞ்சலோவின் அம்மா அதோலொராத்தா படியேறி வந்தாள். பின்னால் நெடிய ஆள் ஒருவன்.

"போச்சு, சாபம் விடப் போறா" என்றது ஒரு குரல்.

"வாயை மூடுடா!" அவள் திரும்பினாள். "இவன் என் சின்னவன் கதால்தோ. அன்னிக்கு அஞ்சலோ இவனைச் சலூனுக்குள்ள தள்ளிட்டு, 'மாமா, இறக்கு!'ன்னு கத்தினான். அவன் சொல்லித்தான் எஜிதியோ இறக்கினாரு. சுட்டவனுங்க ஷட்டரைத் தூக்கிட்டு உள்ள வந்து பார்த்தப்ப, இவன் மூஞ்சி பூரா சோப்பு நுரை. 'கஸ்டமர்'னு சொல்லி, கன்னத்துல கத்தி ஓட்டிக்கிட்டிருந்தாரு. கை நடுங்கலையாம்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?" என்று கேட்டாள் நுன்சியா.

"சொன்னா, எல்லாத்தையும் கண்ணால பார்த்த இவனை உயிரோட விடுவானுங்களா? நான் இவனை அனுப்பி வெச்ச ஜெர்மனி வரைக்கும் தேடிப் போவானுங்க. வாயே திறக்கக் கூடாதுன்னு உங்கப்பா சத்தியம் வாங்கிட்டாரு. சுட்டவனுங்கள்ல கடைசி ஆளு போன மாசம்தான் செத்தான். உடனே வரச் சொன்னேன்."

கதால்தோ யாரையும் கேட்காமல் பெட்டியின் முன்மூலைக்குத் தோள் கொடுத்தான். பைக்குள்ளிருந்து ஒரு ஜோடிக் கை வெளியே வந்தது. பிறகு பத்து. பிறகு தெரு முழுக்கப் படபடவென்று. ஆளாளுக்கு முண்டியடித்துப் படியேறினார்கள்.

"தள்ளுடா! இருபது வருஷம் தாடியை வேற தெருவுல மழிச்சவன் நீ. பின்னாடி போய் நில்லு!" கொசிமோ கத்தினான். கூட்டம் சிரித்தது, கைதட்டல் நிற்கவில்லை.

நுன்சியா கைப்பையையும் பூங்கொத்தையும் அணைத்தபடி அசையாமல் நின்றாள். அதோலொராத்தா பக்கத்தில் வந்தாள்.

"இப்படிக் குடு. கை ரெண்டும் வேணும் உனக்கு."

இரண்டையும் வாங்கித் தன் கறுப்புச் சால்வைக்குள் இடுக்கிக்கொண்டாள். பெட்டி வெயிலுக்கு வந்தது.