மரியாதைக்கு வெந்த கிழங்கு

எங்கள் பள்ளியில் பெண்களுக்கு சயின்ஸ் வகுப்பு வேண்டுமென்று இரண்டு வருஷமாகத் தலைமையாசிரியை மீனாட்சியம்மாளின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தேன். ஒருவழியாக 1946-இல், ஐப்பசி மழைக்கு நடுவே, இன்ஸ்பெக்டர் கோதண்டபாணி நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடாயிற்று. அவர் சரியென்று எழுதினால் கொல்லைப்பக்கத்து அறை சயின்ஸ் அறை. இல்லையென்றால் அங்கே தையல் மிஷின்கள் வந்து உட்காரும். எங்கள் பெண்கள் ஏற்கெனவே தைத்துத் தள்ளிய தலையணை உறைகளுக்கு மயிலாப்பூரில் தலைகள் போதவில்லை.

லேபரட்டரி என்று எங்களிடம் ஒரு கண்ணாடிக் குழாய்கூட இல்லை. அதனால் உருளைக்கிழங்கை நம்பினேன். தோலைச் சீவி, அடியைத் தட்டையாக வெட்டி, நடுவில் குழி தோண்டி, அதில் பாதிக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றித் தண்ணீர்த் தட்டில் வைக்க வேண்டும். பாகு நிற்கிற மட்டத்தில் ஒரு குண்டூசி. தட்டில் இருக்கும் தண்ணீர் கிழங்கின் செல்களுக்குள் புகுந்து, ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குப் போய், கடைசியில் குழிக்குள் வந்து சேரும். பாகு ஊசியைத் தாண்டி ஏறும். சர்க்கரை வீட்டு ரேஷனில் எடுத்தது. அதற்காக என் நாத்தனார் ஷகீலா இனிப்பில்லாத டீயைக் குடித்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

முந்தின நாளே கிழங்குகளைக் குழி தோண்டித் தண்ணீரில் போட்டுவிட்டு, பாகு பாட்டிலையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் கிழங்குகள் மேஜைமேல் ஆவி பறக்க உட்கார்ந்திருக்கின்றன. பியூன் வெள்ளைச்சாமி ஒரு கல்யாணத்தையே நடத்தி முடித்தவர் மாதிரி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.

கோபம் வந்தால் என் வாயில் படித்த தமிழ் நிற்காது. "இன்னாய்யா இது? இன்னா பண்ணி வெச்சிக்கீறே?"

"அவிச்சிட்டேன் டீச்சரம்மா," என்றார் வெள்ளைச்சாமி. விருதுநகர்ப் பக்கத்துக்காரர். "ஆபீசர் முன்னால பச்சைக் கிழங்கையா வைக்கிறது? மரியாதையா இருக்குமா? நீங்க பாகு வேற காய்ச்சி வச்சிருந்தீகளா, சரி, ஏதோ இனிப்புப் பண்டம்னு நெனச்சேன்."

அழுவதா, தட்டை எடுத்து அவர் தலையில் கவிழ்ப்பதா என்று தெரியவில்லை. ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய ஜவ்வு இருக்கிறது. தண்ணீரைப் போகவர விடும், சர்க்கரையை லேசில் விடாது. அந்த ஜவ்வு இருக்கிறவரைதான் என் வித்தை. கொதிக்கிற தண்ணீரில் அது நைந்து போனால் அப்புறம் கிழங்கு போண்டாவுக்குத்தான் ஆகும்.

மீனாட்சியம்மாள் வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "போகட்டும் சகினா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் அந்த ரூம்ல மிஷின் இருக்கும்மா," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தண்ணித்துறை மார்க்கெட்டுக்கு நடந்தேன். ஓடினேன் என்றே சொல்லலாம். எங்கள் வீட்டுப் பெண் திரை போட்ட வண்டியில்லாமல் தெருவில் போனால் பொழுது சாய்வதற்குள் செய்தி ராயப்பேட்டை வரை போய்விடும். போகட்டும், எனக்கென்ன. மழையில் சரக்கு வரவில்லை. கடைக்காரர் மெஹபூப் பாஷா சாக்கின் அடியைத் துழாவிக் கோழிமுட்டை அளவில் ஒரே ஒரு கிழங்கை எடுத்தார்.

"இது இன்னாத்துக்கு ஆவும் ஆப்பா? ஒரு வாய்க்குப் பத்தாதே." ஆப்பா என்றால் எங்களில் அக்கா.

"எனக்குப் பத்தும் பாய். குடுங்க."

பள்ளிக்கு வந்து அதைச் சீவிக் குழி தோண்டிப் பாகு ஊற்றி ஊசி குத்தித் தட்டில் வைத்தேன். பிறகு ஒன்று தோன்றியது. வெந்த கிழங்கில் ஒன்றை ஆறவைத்து, அதிலும் அதே மாதிரி பாகு ஊற்றி, ஊசி குத்தி, இன்னொரு தட்டில் பக்கத்திலேயே வைத்தேன். அது ஏறாது என்று எனக்குத் தெரியும். ஏறாததையும் மனிதர் பார்க்கட்டும்.

கோதண்டபாணி குடையை மடக்கிக்கொண்டு சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். தட்டுகளைக் குனிந்து பார்த்தார். "என்னம்மா, சமையல் கிளாஸா?"

விளக்கம் சொன்னேன். பாதியிலேயே எழுந்துவிட்டார். "ஒண்ணும் ஏறலையே. தி. நகர்ல இன்னொரு ஸ்கூல் பாக்கணும் எனக்கு."

நான் போய் வாசற்படியில் நின்றுகொண்டேன். "உட்காருங்க சார். நீங்க அவசரப்பட்டா தண்ணி வேகமா போகாது."

மீனாட்சியம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. இன்ஸ்பெக்டரிடம் யாரும் இப்படிப் பேசியிருக்க மாட்டார்கள் போலிருக்கிறது, உட்கார்ந்துவிட்டார். காபி வந்தது. நான் வாயை மூடவில்லை. "மாங்காய்த் துண்டுல உப்புப் போட்டுப் பிசிறி வெச்சா, சொட்டுத் தண்ணி ஊத்தாமலே ஜாடியில தண்ணி நிக்குதில்ல சார்? வெளியில உப்பு ஜாஸ்தி, அதனால மாங்காய்க்குள்ள இருந்த தண்ணி வெளிய வந்துடுது, துண்டு சுருங்கிப்போவுது. இங்க சர்க்கரை குழிக்குள்ள கீது. அதனால தண்ணி உள்ள போவுது."

மழை விட்டுவிட்டுப் பெய்தது. அவர் இரண்டாம் தடவை காபி குடித்து முடித்தபோது சின்னக் கிழங்கில் ஊசி பாகுக்குள் மூழ்கிப்போயிருந்தது.

அவர் விடவில்லை. "மழை நாள் பாருங்க. காத்துல இருக்கிற ஈரத்தைச் சர்க்கரை இழுத்திருக்கும்."

இந்தக் கேள்விக்காக அந்த மனிதருக்கு மாலை போட்டிருப்பேன். "சரி சார். பக்கத்துத் தட்டுலயும் அதே பாகுதான், அதே காத்துதான். அது ஏன் ஏறலை?"

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெந்த கிழங்கை ரொம்ப நேரம் பார்த்தார். அதில் பாகு ஊசியை எட்டக்கூட இல்லை, சற்றுக் கீழே இறங்கியிருந்தது. "ஏன்?"

"அது வெந்து செத்துப்போச்சு சார். உசிரோட இருக்கிற செல்லுக்குத்தான் எதை விடணும், எதை நிறுத்தணும்னு தெரியும்."

பேனாவை எடுத்தார். எடுத்தவர் எழுதாமல் பெருமூச்சு விட்டார். "எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. பொம்பளைப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. "உங்க வீட்ல பிரசவம்னா யாரைக் கூப்பிடுவீங்க சார்?"

"லேடி டாக்டரைத்தான். ஆம்பளையை எப்படி உள்ள விடறது?"

"அந்த லேடி டாக்டர் எந்தத் தையல் கிளாஸ்ல படிச்சாங்க?"

கோதண்டபாணி என்னையும் பார்க்கவில்லை, மீனாட்சியம்மாளையும் பார்க்கவில்லை. குனிந்து மளமளவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஜூன்லேர்ந்து வகுப்பை ஆரம்பிச்சுக்கோங்க," என்றார்.

குடையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார். குரல் இறங்கிவிட்டது. "எம் பொண்ணு ஒருத்தி இருக்கா. எப்பப் பாத்தாலும் எதையாவது ஏன், ஏன்னு கேட்டுண்டே இருப்பா. இங்க சேர்க்க இடம் கிடைக்குமா?"

தையலுக்கா சயின்ஸுக்கா என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. மீனாட்சியம்மாள் என் காலை அழுத்தி மிதித்தார்.

"அனுப்புங்க சார்," என்றேன். "முதல் பெஞ்சுலயே உட்கார வெக்கிறேன்."